அலமாரியில் உறங்கும் கருவி

உறக்க மூச்சுத்தடைக்காக வாங்கிய சிபேப் கருவி, பல வீடுகளில் சில வாரங்களிலேயே அலமாரிக்குள் போய்விடுகிறது. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று மருத்துவர்களாகிய நாங்கள் குறிப்பெழுதி முடிக்கிறோம். அது நியாயமன்று என்பதே என் கருத்து.

1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் குழுவினர் அறிமுகப்படுத்திய இம்முறையில், மூக்கின் வழியே இடையறாது செல்லும் காற்றழுத்தம், உறக்கத்தில் தளர்ந்து மூடும் தொண்டையைத் திறந்து வைக்கிறது. மாத்திரையை விழுங்கியதும் மறந்துவிடலாம். இதையோ இரவு முழுவதும் முகத்தில் அணிந்திருக்க வேண்டும். பழக நாளாவது இயல்பே.

இடர்களுள் பெரும்பாலானவை தீர்க்கத்தக்கவை. மூக்கு வறண்டால் ஈரப்பதமூட்டி உண்டு. காற்றுக் கசிந்து கண்ணை உறுத்தினால் முகமூடியின் அளவை மாற்றலாம். உறக்கத்தில் வாய் திறந்துகொண்டால் வாயையும் மூடும் முகமூடி உதவும். தொடக்கத்திலேயே மூச்சு முட்டினால், அழுத்தம் படிப்படியாக உயருமாறு அமைக்கலாம். அச்சமுடையோர் பகலில் விழித்திருக்கும்போதே சிறிது நேரம் அணிந்து பழகலாம்.

இவற்றை யாரும் எடுத்துரைக்காமையால் கருவியைக் கைவிட்டவர், உயர் இரத்த அழுத்தத்தோடும் வாகனம் ஓட்டுகையில் கண்ணயரும் ஆபத்தோடும் வாழ்கிறார்.

ஆகவே, கருவி கொடுத்த முதல் வாரத்திலேயே நோயாளியை அழைத்து விசாரிப்பது மருத்துவமனையின் கடமை. குடும்பத்தினரே, முகமூடியைக் கண்டு நகையாதீர்கள். குறட்டை திடீரென நின்று, அடுத்த மூச்சுக்காக நீங்கள் அஞ்சிக் காத்திருந்த இரவுகளை நினையுங்கள். நோயாளிகளே, கருவியைக் கழற்றி வைக்குமுன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.