பாதிரியார் வீட்டுப் பின்கட்டு

அயல்நாடு சென்று மதப்பிரசாரம் செய்யும் பாதிரிமாரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மவருக்குள் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "வீடு வாசலையும் சுற்றத்தையும் துறந்து கடல் கடந்து வந்த புண்ணியவான்கள்" என்று ஒரு கட்சியார் கைகூப்புவர். "பங்களாவும் பட்லரும் வைத்துக்கொண்டு துரைமாரைப்போல் வாழ்ந்தவர்களுக்குத் துறவு என்ன வாழ்கிறது?" என்று மற்றக் கட்சியார் கைகொட்டிச் சிரிப்பர். இரு கட்சியாரும் அவ்வீட்டின் முன்வாசலை மட்டும் பார்த்தே பேசுகின்றனர் என்பதும், பின்கட்டை எட்டிப் பார்த்தவர் இரு பக்கத்திலும் இல்லை என்பதும் நமது வழக்கு.

இவ்வழக்கை நமக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு கிழவியார். ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் வட்டாரத்திலுள்ள பெக்கான் நானாஸ், அன்னாசியைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர். அங்கு ஒரு நண்பர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். ஒரு மாலை, நண்பருடைய மகன், தமிழ்நாட்டில் ஊழியம் செய்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் நினைவு நூலை வீட்டாருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஆறு வயதுக் குழந்தையை மலைமேல் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தாய் வெறுங் கட்டிலைப் பார்த்து அழும் இடம் வந்தது. கேட்டிருந்தோர் கண் கலங்கினர். நாமும் கலங்கினோம், மறைப்பானேன்? மூலையில் அமர்ந்து அன்னாசியின் கண்களைச் செதுக்கிக்கொண்டிருந்த பாட்டியார் மட்டும் தலை நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, அந்தப் புள்ளைக்கு அதுவரைக்கும் சோறூட்டினது யாரு?"

"அந்த அம்மா பள்ளிக்கூடம், வைத்தியம் என்று போயிருந்தாங்க பாட்டி. வீட்டில் ஆயா இருந்தாங்க."

"ஆயா பேரு என்ன போட்டிருக்கு?"

பையன் முன்னும் பின்னுமாக ஏடுகளைப் புரட்டினான். குதிரையின் பெயர் இருந்தது. நாய்க்குட்டியின் பெயர் இருந்தது. ஆயாவுக்கு ஆயா என்பதே பெயராக இருந்தது. "அதானே" என்று சொல்லிவிட்டுப் பாட்டியார் மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். அவர் தம் வாழ்நாளில் பாதியைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கழித்தவர்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஊழியக் குடும்பத்தின் ஒரு நாள் எப்படி நடந்தது? விடியலில் வீட்டாரும் வேலைக்காரரும் கூடிய ஜெபம். பின்னர் தாய் தன் பிள்ளைகளுக்கு மேசையருகில் பாடம் சொல்லல். பிறகு தாழ்வாரத்தில் வந்து நிற்கும் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தல், விடுதிப் பெண்களின் அரிசி பருப்புக் கணக்கு, தையல் வகுப்பு. இரவில் விளக்கடியில் தாய்நாட்டுச் சங்கத்துக்குக் கடிதம். இவ்வளவையும் செய்தவள் பாதிரியாரின் மனைவி. அவளுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. மிஷன் சபையில் நெடுங்காலம் வாக்கும் கிடையாது. கணவன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த துணைப்பெயர் அவள். அவளுடைய இரண்டு கைகளும் இத்தனை வேலைக்கும் ஓய்ந்து கிடைத்தது எப்படி? அடுப்பில் வேறு இரண்டு கைகளும், கிணற்றில் இரண்டும், தொட்டிலில் இரண்டும் இருந்தமையால் அன்றோ? அந்த ஆறு கைகளும் தமிழ்க் கைகள்.

மெய்யாகவே பெரிய காரியங்கள் அவ்வீடுகளிலிருந்து பிறந்தன. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். 1816இல் அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் காலூன்றினர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பள்ளி எழுந்தது. அதன் முதல் தலைவியாக நின்றவர் ஹாரியட் வின்சுலோ அம்மையார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று நம் பெரியோர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைப் பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்பித்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெலை 1844இல் மணந்து அத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். கால்டுவெலின் ஒப்பிலக்கணத்தை நாம் நாள்தோறும் போற்றுகின்றோம். இடையன்குடி வீட்டை நடத்திய எலைசாவை எத்தனை தமிழ்ப் புலவர் ஒரு வரியேனும் எழுதிப் போற்றினர்?

ஹாரியட் அம்மையாரின் கதை இரங்கத்தக்கது. தம் மகன் சார்லஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். அங்குப் போய்ச் சேர்ந்த சிறிது காலத்துக்குள், 1832இல், பையன் இறந்துபோனான். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தாயும் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். இத்தகைய துயரத்தைப் பகடி செய்பவர் மனிதரல்லர்.

ஆனால் பிள்ளைகளை ஏன் அனுப்பினர் என்று கேட்க வேண்டுமல்லவா? காலராவும் காய்ச்சலும் ஒரு காரணம். மதுரை மிஷனார் சாவுகளைக் கண்டு அஞ்சியே 1845இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1901இல் அவ்வூரில் மிஷன் குழந்தைகளுக்கென்றே பள்ளி உண்டாயிற்று. மற்றொரு காரணத்தையும் மிஷன் பெற்றோர் ஒளிக்காமல் எழுதி வைத்துள்ளனர்: வேலைக்காரரோடும் ஊர்ப் பிள்ளைகளோடும் பழகித் தம் பிள்ளைகள் 'கெட்டுவிடுவர்' என்ற அச்சம். முன்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு அவர்கள் பாடஞ் சொல்லலாம். பின்கட்டில் அவர்கள் பிள்ளைகள் நம்மிடம் ஒரு சொல் கற்றுவிடலாகாது! யாருடைய மடியில் பசியாறித் தூங்கிற்றோ அவளுடைய பேச்சே குழந்தைக்கு நஞ்சு என்றால், இதற்கு எந்த வேதத்தில் ஆதாரம் இருக்கிறது?

இதன் மறுபுறமும் அவ்விதமே. நம் பிள்ளைகளை விடுதியில் சேர்த்ததும் பெற்றோரின் 'அஞ்ஞானம்' தொடாதபடி பிரித்து வைப்பதற்காகவே. போதாக்குறைக்கு, யாழ்ப்பாணத்து விடுதி மாணவர் பலருக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாத பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'கரோல்' நின்றது இந்த வழக்கத்தால்தான். உடுவிலில் படித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்கு மிஷனே சீதனங் கொடுத்தது என்பதையும் சொல்லி வைப்போம். சீதன நோய்க்கு மருந்து கொடுக்க வந்தவர் நோயையே மருந்தாகக் கொடுத்த வேடிக்கை இது. ஆக, கடல் கடந்த கொடையாளருக்குப் பெயர் நிலைத்தது. பெற்றவள் வைத்த பெயர் பின்னுக்குப் போயிற்று. வளர்த்தவளுக்கோ பெயரே இல்லை.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அமெரிக்காவில் உறவினரிடம் விடப்பட்டவர். அந்தப் பிரிவின் கசப்பு அவரை ஊழியத்தையே வெறுக்கச் செய்தது. பின்னர்த் திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று வீடுகளில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் வைத்தியர் தொடலாகாது என்று அவர்களுடைய கணவன்மார் மறுத்துவிட்டமையால் மூவரும் மாண்டனர். அதைக் கண்டே அவர் மருத்துவம் கற்று வந்து 1900இல் வேலூரில் தொண்டைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் கண்டார். இங்கே நாம் தலை வணங்குகின்றோம். தலை குனியவும் செய்கின்றோம். மனைவி செத்தாலும் ஆசாரம் சாகக்கூடாதென்ற அந்தக் கணவன்மார் எந்தத் தேசத்தார்? நம்மவரல்லவா? பாதிரியாரின் பின்கட்டைப் பார்க்கப் புறப்பட்ட நாம் நம் வீட்டுப் பின்கட்டைப் பாராமல் திரும்பினால் அது யோக்கியமான காரியமாகாது.

மலையாவின் கதைக்கு வருவோம். சீனத்தின் சீஃபூ நகரில் 1881இல் நிறுவப்பட்ட மிஷன் பிள்ளைகளின் பள்ளியை ஜப்பானியர் கைப்பற்றி, மாணவரை 1943இல் வெய்ஷியன் முகாமுக்குக் கொண்டுபோயினர். 1945 ஆகஸ்டில் விடுதலை கிடைத்தபோது, ஐந்தாண்டுக்கு மேலாகப் பெற்றோர் முகங் காணாத பிள்ளைகளும் அவர்களிடையே இருந்தனர். சீனாவை விட்டு அந்த மிஷனார் வெளியேற நேர்ந்தபின், 1951இல் சிங்கப்பூரில் தலைமையகம் வைத்தனர். அவசரகாலச் சட்டத்தின் கீழ், பிரிக்ஸ் திட்டப்படி, ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலிக்குள் குடியேற்றப்பட்ட காலம் அது. அந்தப் புதுக்கிராமங்களுக்குள் மிஷனார் குடும்பங் குடும்பமாகச் சென்று வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1952இல் கேமரன் மலையில் அதே சீஃபூவின் பெயரால் பள்ளி ஒன்று திறக்கப்பட்டு 2001 வரை நடந்தது. ஆறு வயதில் மலையேறிய பிள்ளை, ஆண்டில் சில வாரங்களே தாயோடு இருந்தது.

அந்த மலையிலேயே, அந்தக் குளிரிலேயே, தேயிலைக் கூடையை முதுகில் சுமந்து நின்றவள் யார்? நம்மவள். அவள் பிள்ளை எங்கிருந்தது? ஆயாக் கொட்டகையில். தாழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலும் இதே கதைதான். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இருட்டிலேயே, பால் மணம் மாறாத குழந்தையைக் கொட்டகையில் போட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும். மார்பில் ஊறிய பால் சேலையை நனைக்க, மரத்தின் பாலை வாளியில் நிரப்பினாள் அவள். இது ஒரு நாள் பிரிவன்று. தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் நடந்த பிரிவு. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் வேலைக்குத் தோட்டந் தோட்டமாகத் தமிழர் பிடித்துச் செல்லப்பட்டபோது, திரும்பாதவர் பல்லாயிரவர். வெய்ஷியன் முகாமின் பிள்ளைகளைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, இருக்கட்டும், நல்லதே. அதே ஆண்டுகளில் லயத்து வாசலில் உட்கார்ந்து தகப்பன் வரும் வழியைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு எத்தனை நூல் இருக்கிறது?

"அவர்கள் கடவுளுக்காகப் பிரிந்தார்கள், இவர்கள் கூலிக்காகப் பிரிந்தார்கள். இரண்டும் ஒன்றாகுமா?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். ஒன்றாகா என்றே நாமும் சொல்லுகின்றோம். பாதிரியாருக்கு, போவதா தங்குவதா என்று தீர்மானிக்கும் உரிமை இருந்தது. பால் வெட்டியவளுக்கு அவ்வுரிமை இருந்ததா? தானே தெரிந்து கொடுத்ததைத் தியாகம் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்த ஆறு வயதுப் பிள்ளை தெரிந்தா கொடுத்தது? தகப்பனின் நம்பிக்கைக்கு மகன் விலை கொடுத்தால், அதைத் தகப்பனின் கணக்கில் எழுதி அவரைப் புகழ்வது எந்த நியாயம்? அப்பள்ளிகளில் வளர்ந்தவர்களிலேயே சிலர் பிற்காலத்தில் இக்கேள்வியைத் தம் பெற்றோரிடமே கேட்டனர். அவர்கள் கேட்டது நன்றிகேடு அன்று.

"ஆயாவுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்களே" என்பது மற்றொரு வாதம். சம்பளம் பாதிரியாருக்குந்தான் கொடுத்தார்கள். அதனால் அவர் பெயரைக் கல்லில் வெட்டாமல் விட்டார்களா?

இவ்வளவும் சொல்லிவிட்டு நம்மவரை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பி, அடுப்பை மறுபடி மூட்டச் சொல்லும் பிரசங்கியாரை நாம் அறிவோம். அவர் ஊர் ஊராகச் சுற்றும்போது பிள்ளைக்குக் காய்ச்சலா, பள்ளிச் சம்பளம் கட்டியாயிற்றா என்று பார்த்தது யார்? பாதிரியார் வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உண்டனர். மனைவி படித்த பத்திரிகையைக் கணவனும் படித்தான். இந்தச் சிறு வழக்கத்தையேனும் நம் சீர்திருத்தக்காரர் எத்தனை பேர் தம் வீட்டில் நடத்துகின்றனர் என்று எண்ணிப் பார்க்க விரல்கள் மிஞ்சும். மதத்தை வேண்டாமென்றவர் மேசையையும் வேண்டாமென்றுவிட்டனர் போலும்!

தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் வெளியிடும் ஆண்டு விழா மலர்களை வாசகர்கள் எடுத்துப் பாருங்கள். முதலில் மானேஜர் படம், அடுத்துக் கிராணியார் படம், பிறகு ஆலயத் தலைவர், நன்கொடையாளர். அப்பள்ளியின் முதல் மாணவர்களை மூன்று வயது வரை தூளியாட்டி, கஞ்சி ஊட்டி, மலந் துடைத்து வளர்த்த கொட்டகை ஆயாவின் படம் எந்த மலரில் இருக்கிறது? மிஷன் நூல்களைக் குற்றஞ் சொல்ல நமக்கு நாவு நீளுகிறதே, நாம் அச்சிட்ட மலரில் நாம் செய்ததும் அதுவேயன்றோ? தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்ட இந்நாளில் அக்கொட்டகைகளும் போயின. அங்கு வேலை செய்தவர்களிலும் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி, அடுத்த மலரின் முதற் பக்கத்தில் போடுங்கள். மானேஜர் படம் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் தோட்டம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

நாம் பெக்கான் நானாஸை விட்டுப் புறப்பட்ட காலையில் பாட்டியாரிடம் அவர் பெயரைக் கேட்டோம். சிறிது நாணினார். பெயரைச் சொல்லாமல், "எங்க கொட்டகையில ஏணை முப்பது தொங்கும் ஐயா. ஒண்ணு அழுதா முப்பதும் அழும். எந்தப் புள்ள குரல் எதுன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்" என்றார். மறுபடியும் கேட்டோம். பிறகே சொன்னார். அதை அவருடைய பேரன், அந்த நினைவு நூலின் உள்ளட்டையிலேயே மையால் எழுதிக்கொண்டான்.