கடலை உருண்டையும் சாக்லெட்டும்

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர்த் தேக்காவிற்குச் சென்று திரும்பும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கைகளில், கடலை வெண்ணெய் அடைத்த சாக்லெட் மிட்டாய்களைக் காண்கின்றோம். அவற்றை உண்ணுதல் குற்றமென்று நாம் கூறவில்லை. ஆயினும், அதே தேக்காவின் மளிகைக் கடைகளில் நிலக்கடலையும் வெல்லமும் வாங்கி வந்து வீட்டிலேயே செய்தல் மேலெனக் கருதுகின்றோம். பொட்டலத்தினுள் இருப்பது யாதெனப் பிள்ளை அறியாது; தன் கையால் உருட்டியதை அறியும்.

கடலையை வறுத்துத் தோல் நீக்கி, எண்ணெய் கசியும் வரை அரைத்து, பொடித்த வெல்லம் சேர்த்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்துக் குளிரவைத்தல் வேண்டும். (இது தாய்மாரின் வேலையெனத் தந்தையர் ஒதுங்குதல் ஆகாது.) சாக்லெட்டை நேரே அடுப்பில் வையாது, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, உருண்டைகளை அதில் தோய்த்து எடுத்தல் வேண்டும். உருகிய சாக்லெட்டில் சில துளி நீர் விழினும் அது கட்டிதட்டிப் போகும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுவது. நாவில் கரைவதும் அதனால். வெயிலில் சட்டைப்பையைக் கறையாக்குவதும் அதனால். அடுப்படியில் கிட்டும் அறிவியற் பாடமன்றோ இது!

வெல்லப்பாகில் பிடித்த கடலை மிட்டாய்க்கு இத்தொல்லை இல்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அதனைத் தாழ்வாக எண்ணும் பிள்ளைகள் இதனை அறிதல் நன்று.

பெற்றோர்க்கு ஒன்று: நிலக்கடலை சில பிள்ளைகளின் உடலுக்கு ஒவ்வாது, மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின், பிறருக்குப் பகிர்ந்தளிக்கப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புமுன் வகுப்பாசிரியரிடம் தெரிவிக்குமாறு வேண்டுகின்றோம்.