அணு உலைக்குப் புதிய கட்டுப்பாட்டு அமைப்பு: லோவீசாவில் முன்கூட்டியே நடந்த கணினி ஒத்திகை

பின்லாந்தின் லோவீசா அணுமின் நிலையத்தில் சோவியத் வடிவமைப்பிலான இரு விவிஇஆர்-440 உலைகள் உள்ளன. அவை 1977, 1981 ஆகிய ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. உலைக்கலன் பல பத்தாண்டுகள் தாங்கும். அதை இயக்கும் மின்னணுக் கருவிகளுக்கோ அதற்குள் உதிரி பாகங்களே அரிதாகிவிடும். எனவே உரிமையாளரான ஃபோர்டம் நிறுவனம் தானியங்கிக் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்கும் பணியில் இறங்கியது. முதல் ஒப்பந்தம் பாதியில் முடிவுக்கு வந்தது. 2014-இல் பொறுப்பேற்ற ரோல்ஸ்-ராய்ஸ் 2018-இல் பணியை நிறைவு செய்தது.

இத்தகைய மாற்றத்தில் பெரும் சிக்கல் சோதனைதான். நீராவிக் குழாய் உடைந்தால் புதிய அமைப்பு என்ன செய்யும் என்பதை அறிய, உண்மையான குழாயை உடைத்துப் பார்க்க இயலாது. இதற்கு வழி தருவது இயங்குநிலை உருவகப்படுத்தல். வி.டி.டி. ஆய்வு மையமும் ஃபோர்டமின் முன்னோடி நிறுவனமும் 1980-களில் உருவாக்கத் தொடங்கிய 'அப்ரோஸ்' மென்பொருள், உலையின் அழுத்தம், வெப்பநிலை, நீரோட்டம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. அந்த மதிப்புகள் உணர்கருவியின் சமிக்ஞைகளைப் போலக் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் செல்கின்றன. அது வால்வைத் திறக்கவோ பம்பை நிறுத்தவோ கட்டளையிட்டால், மாதிரி உலையும் அதற்கேற்ப மாறுகிறது. எதிரில் இருப்பது உலையா, கணினியா என்பது அந்த அமைப்புக்குத் தெரியாது.

சமிக்ஞைகளைத் தனித்தனியே சரிபார்க்கும் சோதனையில் வெளிப்படாத பிழைகள் இங்கே சிக்குகின்றன. தனித்து நன்றாக இயங்கும் இரு கட்டுப்பாடுகள் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்து நீர்மட்டத்தை ஊசலாட வைக்கலாம். ஒரே கோளாறுக்கு எச்சரிக்கைகள் குவிந்து இயக்குநரைத் திணறடிக்கலாம். உலை நிறுத்தப்படும் சில வார காலத்திலேயே கருவிகளைப் பொருத்த வேண்டியிருப்பதால், பிழையை அப்போது கண்டுபிடிப்பது தாமதமான கண்டுபிடிப்பே.

ஆயினும் இம்முறையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. மாதிரியும் கட்டுப்பாட்டு மென்பொருளும் ஒரே தவறான ஆவணத்திலிருந்து எழுதப்பட்டால், சோதனை வெற்றி பெறும். தவறும் அப்படியே நீடிக்கும். நிலையத்தில் முன்பு நிகழ்ந்த தடங்கல்களின் பதிவுகளுடன் மாதிரியை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதன் முடிவுக்கு மதிப்பு உண்டு. ஒழுங்குமுறை அமைப்புகள் முதலில் கேட்க வேண்டிய ஆதாரமும் அதுவே.

லோவீசாவுக்கு 2050 வரை இயங்க 2023-இல் உரிமம் வழங்கப்பட்டது. கூடங்குளத்தில் இயங்கும் விவிஇஆர்-1000 உலைகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் அளவில் பெரியவை, வயதில் இளையவை. 1969 முதல் இயங்கத் தொடங்கிய தாராப்பூரின் முதல் இரு உலைகளோ லோவீசாவைவிட மூத்தவை.