சேரிப் பக்கம் மட்டும் திறக்கும் கண்

எங்கள் காலனியில் படிப்பகம் திறந்த அன்றைக்கு மஃப்டியில் ஒருத்தர் வந்திருந்தார். யார் பேசினார்கள், எத்தனை பேர் கூடினார்கள், நோட்டீஸ் எந்த அச்சகத்தில் அடித்தது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நாலு வீடு தள்ளிப் புளியமரத்தடியில் பாக்கெட் சாராயம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா அவரை மறித்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏஞ்சாமி, புஸ்தகம் படிக்கிற பயலுவள எழுதிக்கிட்டுப் போறீங்களே, அந்த மரத்தடியப் பாத்தா ஒங்க பேனா எழுதாதா?"

கள்ளச்சாராயச் சாவோ கூலிப்படைக் கொலையோ, எது நடந்தாலும் 'உளவுத்துறை தோல்வி' என்கிறார்கள். இன்னும் ஆள் போடு, கேமரா வை, நிதி ஒதுக்கு என்கிறார்கள். கண் போதாமலா இருக்கிறது? அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதல்லவா கேள்வி!

2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலி. பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், தலித்துகள். காட்டுக்குள்ளா விற்றார்கள்? நகரத்துக்குள்ளே, காவல் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில். முந்தின வருஷம் மே மாதந்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20க்கு மேற்பட்டோர் இதே மெத்தனாலில் செத்திருந்தார்கள். ஒரு வருஷ அவகாசம் இருந்தது. விற்கிறவன் பெயர் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மாமூல் வாங்கும் இடத்தில் உளவு செத்துப்போகிறது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. செத்தவர்களுக்கு அதனால் என்ன?

அதே 2024 ஜூலை 5. பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங், பெரம்பூரில் தாம் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றப்பத்திரிகையில் 30 பேர். முதல் பெயர் அப்போது சிறைக்குள் இருந்தவருடையது. அரசாங்கத்தின் பூட்டுக்குள்ளேயே இருந்த ஆளைப் பார்க்காத கண், படிப்பகத்து நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது!

இந்தக் கண்ணுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்தில் குறவர்களையும் கள்ளர்களையும் பிறப்பாலேயே பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920இல் சுட்டுக் கொன்றார்கள். சுதந்திரம் வந்த கையோடு அந்தச் சட்டம் போனது. 1948இல் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. பெயர் மாறியது, பதிவேடு போகவில்லை. ஸ்டேஷனில் ஒரு திருட்டுக் கேசு வந்தால் இன்றைக்கும் முதலில் தட்டப்படுவது யார் வீட்டுக் கதவு? தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர் பெயரில் இயந்திரத்தனமாகச் சரித்திரப் பதிவேடு திறக்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் உளவே வேண்டாமா? வேண்டும். கள்ளச்சாராயத்திலும் கூலிப்படையிலும் முதலில் சாகிறவன் எங்கள் ஆள். எங்களைவிட யாருக்கு அது தேவை? 1982இல் வந்த குண்டர் சட்டத்தின் பெயரிலேயே சாராயக்காரனுக்குத்தான் முதல் இடம். ஆனால் பாக்கெட் விற்கிற கூலிக்காரனை ஒரு வருஷம் உள்ளே போட்டால், மெத்தனால் லாரி அனுப்பியவன் வேறொரு கூலிக்காரனைப் பிடித்துக்கொள்கிறான். லாரியைத் தொடருங்கள். ஆலைக் கணக்கைப் பாருங்கள். பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அந்தக் கை காக்கிச் சட்டைக்குள் இருந்தாலும், கரை வேட்டிக்குள் இருந்தாலும்.

சேரிப் பெண் வந்து தகவல் சொன்னால் தேதி போட்டு எழுதுங்கள், ரசீது கொடுங்கள். சொன்னவள் பெயர் பொழுது சாய்வதற்குள் சாராயக்காரன் காதுக்குப் போனால், போட்டுக்கொடுத்த போலீஸ்காரன்மேல் கேசு போடுங்கள். சரித்திரப் பதிவேட்டில் யார் பெயர், எதற்காக இருக்கிறது என்று போலீஸ் அல்லாதவர்கள் வருஷா வருஷம் பார்க்கட்டும்.

இதைச் செய்யாமல் கேமரா வாங்கினால் அதையும் சேரிப் பக்கந்தான் திருப்பி வைப்பார்கள். பெரியம்மா மறித்துக் கேட்ட மாதிரி ஒவ்வொரு காலனியிலும் மறித்துக் கேட்போம்.