கணக்குப் பிரிவுக்கு வரும் தூண்டில் மடல்

அடுகோடியைச் சுற்றி மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ், கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ், தெருத்தோறும் சிறு மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் உள்ளன. அவற்றில் பணிபுரியும் வாடிக்கையாளர்களை எண்ணியே இதனை எழுதுகிறோம்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளர் பதிவு பல நாட்கள் கையெழுத்தில் நடந்தது. வலையமைப்பை முறையாகப் பிரித்து வைக்காததே குறை என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அயர்லாந்திலோ தொடக்கம் ஒரு மின்னஞ்சல். 2021 மார்ச் 18 அன்று பொதுச் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் அதனுடன் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். மே 14 அன்று நாடெங்கும் மருத்துவமனைக் கணினிகள் முடங்கின. இடைப்பட்ட எட்டு வாரங்களில் எச்சரிக்கைக் குறிகள் தென்பட்டும் உரிய கவனம் பெறவில்லை என்பதே எங்களை உறுத்துகிறது.

பயிற்சி அளித்தால் போதும் என்பர். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில், 19,500க்கும் மேற்பட்ட ஊழியரிடம் எட்டு மாதங்கள் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்றோர் ஏமாறும் விகிதம் மற்றவரைவிடச் சராசரியாக 1.7 சதவீதமே குறைவு. பெரும்பாலோர் பயிற்சிப் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. இரவுப் பணியிலுள்ள செவிலியரிடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

எனவே எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பணம் செலுத்தும் கணக்குப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். மருந்து வழங்கும் நிறுவனத்தின் பெயரில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, நிலுவையைப் புதிய கணக்கில் செலுத்துக” என வரும் மடலே அங்கு ஆபத்தானது. அதில் எழுத்துப் பிழை தேடிப் பயனில்லை. இன்றைய மோசடி மடல்கள் எங்கள் கிளைக் கடிதங்களைவிடத் திருத்தமாக இருக்கின்றன. மடலிலுள்ள எண்ணை விடுத்து, பழைய பில்லிலுள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்பதே வழி. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதனையும் பயன்படுத்துங்கள்.

நிர்வாகத்தினருக்கு ஒன்று: தவறிச் சொடுக்கியவரைப் பலர்முன் கடிந்துகொண்டால், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார். பணம் போனதாகத் தெரிந்ததும் 1930-ஐ அழைத்துக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். மாலையில் கணக்கு முடித்தபின் சொல்லலாம் என்று காத்திருந்தால், அப்பணம் அதற்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கும்.