வாயை மட்டும் அசை!

ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்குப் பாட ஆள் எடுத்தார்கள். நான் ஒரு வரிதான் பாடினேன். "உனக்குக் கட்டைக் குரல். மேடையில நில்லு, வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்கள். அசைத்தேன். கைதட்டலும் வாங்கினேன்!

எம்.பி.சீனிவாசனைப் பற்றிப் படித்ததும் அந்தப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

யார் இவர் என்கிறீர்களா? ராஜாவா ரஹ்மானா என்று விடிய விடிய சண்டை போடும் நம்மில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? 1925-ல் சித்தூரில் பிறந்தவர். பொதுவுடைமைக்காரர். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் இசையமைப்பாளர். சினிமாவில் வாத்தியம் வாசிப்பவர்களும் தொழிலாளிகள்தான் என்று சொல்லி அவர்களுக்குச் சங்கம் கட்டியவர். 1971-ல் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதி பாடல்களைக் கூட்டாகப் பாட வைத்தார். குழுவின் முன் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லைங்க!). 1988-ல் லட்சத்தீவில் காலமானார்.

சேர்ந்திசை என்றால் எல்லோரும் சேர்ந்து கத்துவது இல்லை. மேல் குரலுக்கு ஒரு வரி, கீழ்க் குரலுக்கு வேறு வரி. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தி ஒலிக்க வேண்டும். அதாவது, என்னை ஒதுக்கிய அதே கட்டைக் குரல் அங்கே தேவைப்படுகிற சரக்கு! தடுமாறுகிறவனை நன்றாகப் பாடுகிறவன் பக்கத்தில் நிறுத்தினால் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்வான்.

"பாட்டெல்லாம் பிறவியிலேயே வரணும்ப்பா" என்பார்கள். அப்படியா? எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அம்பாப் பாட்டு. அங்கே யாரும் குரல் தேர்வு வைப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்கிறார்கள் அறிஞர்கள். பசியோடு யாழைத் தூக்கிக்கொண்டு வரும் பாணனுக்கு, நல்லியக்கோடனிடம் போக இந்த ஊர் வழியாகத்தான் பாதை சொல்கிறது அந்த நூல். அன்றைக்குப் பாட்டு ஏழைகள் கையில் இருந்தது. இன்றைக்கு உப்பளத்தில் கால் வெடிக்க வேலை செய்கிறவரின் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு என்றால், காசு கட்டிக் கற்கும் டவுன் பிள்ளைகளின் சமாச்சாரம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2012-ல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் மாதம் 5,000 ரூபாய்! வாரத்தில் மூன்று அரை நாள். இசைக்கு நாம் போட்ட விலை அவ்வளவுதான்.

காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு கணக்கு. பியானோ வேண்டாம், வயலின் வேண்டாம். சேர்ந்திசைக்கு மூலதனம் தொண்டை மட்டுமே. அது எல்லாப் பிள்ளைகளிடமும் ஏற்கெனவே இருக்கிறது. முழுச் சம்பளத்தோடு ஓர் ஆசிரியர், வாரத்துக்கு ஒரு பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தால் போதும்.

நன்றாகப் பாடும் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்துப் பரிசு வாங்குவது போட்டி. அதற்குக் கல்வி என்று பெயர் வைக்காதீர்கள். பாட வராதவனையும் பாட வைத்தாரே, அவர்தான் வாத்தியார்.

அடுத்த ஆண்டு விழாவிலாவது எந்தப் பிள்ளையிடமும் அந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லாதீர்கள். ப்ளீஸ்.