மலக்குப்பியிலிருந்து அறுவை மேசை வரை: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும், கிருமித்தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் உறுப்புகளையே தாக்கத் தொடங்கும் செப்சிஸ் என்னும் நிலையும், இளம் அறுவை மருத்துவர்களின் பயிற்சியும் நிர்வாகக் கோப்புகளில் மூன்று தனித்தனிப் பொருள்கள். ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள அரசு மருத்துவமனைகளின் அவசர அறுவைக் கூடங்களில் இம்மூன்றும் ஒரே நோயாளியிடம், பல நேரங்களில் நள்ளிரவு கடந்தபின், ஒன்றாக வந்து சேர்கின்றன. அங்கு ஒன்றாக இருப்பவற்றைத் திட்டமிடும்போதும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல் எழுதப்படுகிறது.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் மலேசிய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்திலும், பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்திலும் இருந்தது. கண்டறியப்பட்டபோதே பத்தில் ஏழு பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டியிருந்தனர். அதாவது நோய் நிணநீர்க் கணுக்களுக்கோ, கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்கோ பரவியிருந்தது. குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகும் என்பதும், கொலோனோஸ்கோப்பி எனப்படும் குடல் உள்நோக்கிச் சோதனையின்போதே அதை வெட்டியெடுத்துவிட முடியும் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. பத்தாண்டு அவகாசம் தரும் ஒரு நோயில் இத்தனை பேர் காலந்தாழ்ந்து வருவதற்கு நோயைக் குறை சொல்ல முடியாது.

இதைத் தடுக்கும் கருவி அமைச்சின் கையிலேயே இருக்கிறது. 2014 முதல் அரசு கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரையுள்ளோருக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்யப்படுகிறது. விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பியின் மூடியோடு சேர்ந்திருக்கும் மெல்லிய குச்சியின் வரிப்பள்ளம் விழுந்த நுனியால் மலத்தைச் சில இடங்களில் கீறியெடுத்து, மீண்டும் குப்பிக்குள் செருகி மூடிக் கிளினிக்கில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மனித இரத்தப் புரதத்தை மட்டுமே இனங்காணும் எதிர்ப்பொருள் இதில் பயன்படுவதால், பழைய சோதனையைப் போல இறைச்சியை விலக்கும் பத்தியமும் தேவையில்லை. எனினும் வேறு ஏதோ காரணத்துக்காகக் கிளினிக்குக்கு வந்தவரிடம் நீட்டப்படும் சோதனையாகவே இது இருக்கிறது; வராதவரைப் பெயர் சொல்லி அழைக்கும் முறையாக இன்னும் வளரவில்லை. சோதனையில் இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்களும் எல்லோரும் கொலோனோஸ்கோப்பிக்கு வந்து சேர்வதில்லை.

தமிழர்களிடையே இதற்கு இன்னொரு தடையும் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஆகட்டும், கிள்ளான் ஆகட்டும், மலத்தில் இரத்தம் கண்டவர் அதை மூலம் என்றோ உடற்சூடு என்றோ தாமே தீர்மானித்து, மோரும் கைவைத்தியமுமாக மாதங்களைக் கடத்துவது பழகிப்போன ஒன்று. மலம் என்ற சொல்லை உச்சரிக்கவே கூசும் வீடுகளில் மூலம் என்ற சொல் நல்லதொரு திரையாகிவிடுகிறது. இத்திரையை விலக்கத் துண்டுப்பிரசுரம் போதாது. மின்னல் பண்பலை போன்ற தமிழ் ஒலிபரப்புகளில் மருத்துவர்கள் கூச்சமில்லாத தமிழில் திரும்பத் திரும்பப் பேச வேண்டும்.

அவகாசம் தீர்ந்தபின் நடப்பது வேறு. புற்று குடலை அடைக்கும்போது, அடைப்புக்கு மேலுள்ள பகுதி காற்றாலும் மலத்தாலும் உப்பி, அதன் சுவர் மெலிந்து, ஒரு கட்டத்தில் கிழிகிறது. வயிற்றறைக்குள் மலம் பரவியதும் நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் வேதித்தூதுகளை வெள்ளமாக வெளியிடுகின்றன. காயம்பட்ட இடத்தில் மட்டும் எழ வேண்டிய அழற்சி உடல் முழுவதும் பற்றிக்கொள்கிறது, நுண்குழாய்கள் கசிகின்றன, இரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீர் குறைகிறது, மூச்சு இரைக்கிறது, இரத்தத்தில் லாக்டேட் அளவு ஏறுகிறது. கட்டுக்கடங்காத இந்த எதிர்வினையால் உறுப்புகள் செயலிழப்பதையே 2016-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு வரையறை செப்சிஸ் என்கிறது. 2017-இல் மட்டும் உலகில் 1.1 கோடிப் பேர் இதனோடு தொடர்புடைய காரணங்களால் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இந்த அழற்சியை ஒற்றை மருந்தால் அடக்கிவிடலாம் என்று ஆய்வுலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. சைட்டோகைன்களை முடக்கும் மருந்துகள் விலங்குகளில் வென்று மனிதரில் தோற்றன. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, உயிர்ப்பூட்டிய புரதம் சி என்னும் விலையுயர்ந்த மருந்து, அடுத்தடுத்த ஆய்வுகளில் பயன் நிரூபிக்கப்படாமல் 2011-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. எஞ்சி நிற்பவை எளிமையானவை: நிலையை விரைந்து இனங்காணுதல், இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் எதிருயிரி மருந்து, தேவையான அளவு திரவம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழிந்த குடலை அகற்றித் தொற்றின் ஊற்றையே அடைத்தல். இவற்றில் கடைசியானது அறுவை மருத்துவரின் கையில் மட்டுமே இருக்கிறது.

அந்தக் கை எவ்வாறு பழக்கப்படுகிறது என்பதே இம்மடலின் மையக் கேள்வி. கிழிந்த பகுதியை வெட்டியெடுத்த பின் இரு முனைகளையும் உடனே தைத்து இணைப்பதா, அல்லது பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி ஹார்ட்மன் 1921-இல் விவரித்த முறைப்படி கீழ்முனையை மூடிவிட்டு மேல்முனையை வயிற்றுச் சுவரில் திறப்பாக வெளிக்கொணர்வதா என்று முடிவு செய்தாக வேண்டும். அழற்சியால் வீங்கிய, இரத்த ஓட்டம் குன்றிய திசுவில் போட்ட தையல் விட்டுப்போனால் செப்சிஸ் மீண்டும் தொடங்குகிறது. தேவையின்றி வைக்கப்பட்ட திறப்போ, ஒட்டுப் பையோடு வாழும் சுமையை நோயாளியின் மேல் ஏற்றுகிறது, பலருக்கு வாழ்நாள் முழுவதற்கும். இந்தத் தீர்ப்பைப் பாடநூல் கற்றுத்தராது. மூத்த மருத்துவர் எதிரே நின்று, "இந்தத் திசுவைத் தொட்டுப் பார், இது தையலைத் தாங்குமா?" என்று கேட்கும் இரவுகளே கற்றுத்தருகின்றன.

அறுவை நிபுணராவதற்கு ஏற்ற வழி பல்கலைக்கழகங்களின் நான்காண்டு முதுகலைப் பயிற்சியா, அயல்நாட்டு அரச கல்லூரிகளோடு இணைந்த இணைவழிப் பயிற்சியா என்ற வழக்கு, 2024-இல் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தைத் திருத்தும் அளவுக்குப் போனது. அத்திருத்தம் வரவேற்கத் தக்கதே. ஆனால் எந்த வாசல் வழியாக வந்தாலும், மேற்பார்வையோடு செய்த அவசர அறுவைகள் எத்தனை என்பதே பயிற்சியின் உண்மையான அளவுகோல். 2016 இறுதியில் தொடங்கிய ஒப்பந்த நியமன முறையில் நாளைய பணியிடமே உறுதியில்லாமல் பணியாற்றும் இளையவர்களிடம் ஆய்வு மனப்பான்மையையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அதற்கு வேலை நேரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கித் தர வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டிய ஆய்வு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2013 இறுதியிலிருந்து வயிற்றைத் திறக்கும் ஒவ்வோர் அவசர அறுவையையும் பதிவு செய்கின்றன: நோயாளி எப்போது வந்தார், எதிருயிரி மருந்து எப்போது செலுத்தப்பட்டது, எப்போது மேசைக்குக் கொண்டுவரப்பட்டார், மூத்த மருத்துவர் உடனிருந்தாரா என்பன அதில் அடங்கும். முதலாண்டில் 11.8 விழுக்காடாக இருந்த முப்பது நாள் இறப்பு, ஆறாண்டுகளுக்குள் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. மலேசியாவிலும் அறுவையை ஒட்டிய இறப்புகளை மீளாய்வு செய்யும் மரபு 1992 முதல் இருக்கிறது. இறந்தவர்களைப் பற்றிக் கேட்கும் அந்த நேர்மையைப் பிழைத்தவர்களுக்கும், கடந்துபோன மணித்துளிகளுக்கும் விரிவாக்குவதே அடுத்த படி.

எனவே அமைச்சர் அவர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இதுதான்: மலச்சோதனையில் இரத்தம் கண்ட ஒவ்வொருவருக்கும் கொலோனோஸ்கோப்பிக்கான நாளைக் குறித்துக் கொடுத்த பின்னரே கிளினிக் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசு, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் அவசர வயிற்று அறுவைகளுக்கு ஒரே மாதிரியான நேரப் பதிவேட்டைத் தொடங்கி, அதைப் பயிற்சி மருத்துவர்களின் ஆய்வுக் களமாக அறிவிக்க வேண்டும், முதலாண்டுக் கணக்கை, அது எவ்வளவு கசப்பானதாக இருந்தாலும், மருத்துவமனை வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.